பிரித்துத் தைத்த ஷூ

போன வருடம் ஏப்ரல் மாதம், நல்ல வெயில் காலத்தில் நடந்தது இது. பாதிக் கதை குரோம்பேட்டையில் எங்கள் வீட்டில், மீதி பொத்தேரியில் ஒரு மாடி வீட்டில். காட்டுக்குப் போனதெல்லாம் கடைசியில்தான். ஆனால் காட்டில் இருந்த பத்து நாளைவிட, அதற்குத் தயாரான மூன்று வாரம்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருடமாக ஒரு தோல் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மெஷின் தையல் இல்லை, கைத்தையல். சில ஷூக்களில் முன்பக்கம் சுருக்கு வைத்த மாதிரி தைத்திருப்பார்களே, அது எங்கள் பிரிவு செய்வது. கணவர் ஏசி மெக்கானிக். வெயில் காலத்தில் அவரை வீட்டில் பார்ப்பதே அபூர்வம். எங்களுக்கு ஒரே மகள்.

மகள் சுற்றுச்சூழல் பற்றிய படிப்பு படித்தாள். கடைசி வருடத்தில் கறி சாப்பிடுவதை நிறுத்தினாள். பிறகு முட்டை போனது, பால் போனது, தயிர் போனது, ஒருநாள் தேனும் போனது. நோன்புக் கஞ்சியை அவளுக்கு மட்டும் தனிச் சட்டியில் காய்ச்சினேன். எல்லாம் கொஞ்ச நாள் கூத்து, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவளோ படிப்பு முடிந்ததும் மேற்கு மலைக் காட்டில் ஒரு குடியிருப்புக்குப் போய் வாழப்போகிறேன் என்றாள். அங்கே கரண்ட் கிடையாது, ரோடு கிடையாது, மிருகத்திடமிருந்து எடுத்த பொருள் ஒன்றுகூடக் கிடையாது. இருபது முப்பது பேர் சேர்ந்து, வெட்டிப் பாழாய்ப்போன ஒரு மலைச்சரிவில் மரம் நட்டு மறுபடியும் காடாக்குகிறார்களாம்.

எனக்கு வந்ததே கோபம். "நான் தோல் தச்ச காசுலதானே படிச்சே, அப்ப மட்டும் இனிச்சுதா" என்று கேட்டுவிட்டேன். கிளம்புகிற அன்று காலையில் மனசு கேட்காமல், துவா ஓதி அனுப்பலாம் என்று அவள் தலையில் கை வைக்கப் போனேன். அவள் தலையை லேசாக நகர்த்தி, "அம்மா, உன் கையில தோல் வாசனை வருது" என்றாள். யோசிக்காமல் வந்த வார்த்தையாகத்தான் இருக்கும். ஆனால் அது என் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு வேலை விட்டு வந்ததும் எலுமிச்சம் பழத் தோலால் கையைத் தேய்தேய் என்று தேய்ப்பேன். பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தால் மேல் கம்பியைப் பிடிக்க மாட்டேன். கையைத் தூக்கினால் பக்கத்தில் இருப்பவர் மூக்குக்கு நேராக வருமே என்று, சீட்டின் ஓரத்தைப் பிடித்துத் தள்ளாடிக்கொண்டே வருவேன். யாராவது பேசினால் கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொள்வேன். இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

மகளோடு பேச்சே இல்லை என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை கீழே கிராமத்துக்கு இறங்கி வந்தால் போன் செய்வாள். சாப்பிட்டியா, உடம்பு நல்லாருக்கா, அத்தா எங்கே என்று அவள் அப்பாவைப் பற்றி ஒரு கேள்வி. அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வருடம் மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பெத்தவங்க வந்து பத்து நாள் தங்கலாம்மா. நீ வர்றியா?" என்று கேட்டாள். எனக்கு உடனே வார்த்தை வரவில்லை. அவளே, "கஷ்டம்னா வேணாம்" என்றாள். "வர்றேன், வர்றேன்" என்று அவசரமாகச் சொன்னேன். போனை வைக்கிற நேரத்தில் இன்னொன்றும் சொன்னாள். செருப்பு அறுந்து இரண்டு மாதம் ஆகிறதாம், வெறுங்காலே பழகிவிட்டதாம், மழைக்காலத்தில்தான் அட்டை ஏறுமாம். ஊருக்கெல்லாம் ஷூ தைக்கிறேன், நான் பெற்ற பிள்ளை காட்டில் வெறுங்காலோடு நடக்கிறாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு.

இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. அனுப்பியவர் பொத்தேரியில் இருக்கும் ஒரு அக்கா. சென்னையிலிருந்து அங்கே போகிறவர்கள் எல்லாரும் கிளம்புவதற்கு முன் தங்கள் பையைக் கட்டி எடுத்துக்கொண்டு போய் இந்த அக்காவிடம் காட்ட வேண்டும். அது அவர்கள் வழக்கம். அவ்வளவு தூரம் பயணம் செய்து, நாலு கிலோமீட்டர் மலை ஏறி வந்தவரிடம் "இது ஆகாது, திருப்பிக் கொண்டுபோ" என்று வாசலில் சொல்வது மரியாதை இல்லையாம். அதனால் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லி அனுப்பிவிடுவார்களாம். இது எனக்கு அப்போதே பிடித்தது.

பட்டியல் பெரிது. தோல் கூடாது, பட்டு கூடாது, கம்பளி கூடாது, முத்து கூடாது. சோப்பு, ஷாம்பூ, பேஸ்ட் கூடாது, ஓடைத் தண்ணீரில் கலந்துவிடும். பிளாஸ்டிக் பாக்கெட்டில் எதையும் கொண்டுவரக் கூடாது. பால், நெய், தேன் கலந்த எதுவும் கூடாது. மருந்துக் குப்பியின் மூடியைக்கூடத் திருப்பி எடுத்துப்போக வேண்டும். பை பத்து கிலோவுக்கு மேல் போகக் கூடாது, அதை நாமேதான் சுமக்க வேண்டும்.

நான் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி தயாரானேன். மகள் அவளுடைய ஆட்கள் முன்னால் என்னால் தலைகுனியக் கூடாது. என் மனசில் இருந்தது அது ஒன்றுதான். கைக்கடிகாரத்தின் தோல் பட்டையைக் கழற்றிவிட்டு நாடா போட்டேன். பர்ஸை மாற்றினேன். பல்லுக்குக் கரிப்பொடி, குளிக்கப் பயத்தமாவு, தலைக்குச் சீயக்காய். டீயை நிறுத்தினேன். மூன்றாம் நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. எங்கள் பிரிவில் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கிறவள், "இன்னாடி, காட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே சன்னியாசம் வாங்கிகினியா?" என்று கேட்டு, டீ டம்ளரை என் மூக்குக்கு நேராக ஆட்டிவிட்டுக் குடித்தாள்.

ஒரு சாயங்காலம் வீட்டில் மெயினையே அணைத்துவிட்டேன். கரண்ட் இல்லாமல் இருந்து பார்க்கலாம் என்றுதான். கணவர் வேலை முடிந்து வந்து இருட்டில் உட்கார்ந்தார்.

"ஊர்ல இருக்கிற வூட்டுக்கெல்லாம் நான் குளுகுளுன்னு பண்ணிட்டு வரேன். என் வூட்டுல ஃபேன் கூட இல்ல" என்றார்.

"பத்து நாளைக்குப் பழகணும்ல."

"காட்டுக்குப் போறது நீ. நான் இன்னாத்துக்குப் பழகணும்?" என்று சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டார். ஆனால் எழுந்து போய் மெயினைப் போடவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

சுமை தூக்கிப் பழக, மகளின் பழைய காலேஜ் பையில் பத்து கிலோ அரிசியைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு, குரோம்பேட்டை ரயில் நிலைய மேம்பாலப் படிகளில் காலையில் ஏறி இறங்கினேன். அந்தப் பக்கம் இறங்கி, மறுபடி இந்தப் பக்கம். மூன்றாம் நாள் ஒரு ரயில்வே போலீஸ்காரர் நிறுத்தி, "ஏம்மா, இதே பை நாலாவது தடவை போவுது. உள்ள இன்னா கீது?" என்று கேட்டார். திறந்து காட்டினேன். அரிசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போங்கம்மா என்று விட்டுவிட்டார்.

இவ்வளவுக்கும் நடுவில் ஷூ தைத்தேன். தோலே இல்லாமல் ஒரு ஷூ. கெட்டி கேன்வாஸ் துணி வாங்கினேன். பெருங்களத்தூரில் ஒரு டயர் கடையில் பழைய டயரைக் கேட்டு வாங்கி, அடிப்பாகத்துக்கு வெட்டிக்கொண்டேன். அளவுக்கு வீட்டில் அவள் விட்டுப்போன பழைய செருப்பு இருந்தது. ஆனால் இரண்டு வருடம் வெறுங்காலும் அரைச் செருப்புமாக நடந்தவளுக்குப் பாதம் அகன்றிருக்கும். அது எங்கள் தொழிலில் தெரிந்த விஷயம். அதனால் பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் கூட்டி வெட்டினேன். இடது கால் அவளுக்குச் சின்னதிலிருந்தே ஒரு நூல் நீளம், அதையும் சேர்த்தேன். உள்ளே பழைய வேட்டித் துணியை இரண்டு மடிப்பாக வைத்தேன். கெட்டிப் பருத்தி நூலால், நெருக்கமாக, ஒரு தையலுக்கும் அடுத்ததுக்கும் அரிசி அளவுகூட இடைவெளி இல்லாமல் தைத்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு நல்ல தையல் போட்டதில்லை. ஏற்றுமதிக்குப் போன ஷூவுக்குக்கூடப் போட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பையோடு பொத்தேரிக்கு ரயில் ஏறினேன். மலைக்குப் போக பஸ் செவ்வாய்க்கிழமை சாயங்காலம்.

அந்த அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். பல வருடம் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தவராம். அது பார்த்தாலே தெரிந்தது. சுவரில் வேத வசன காலண்டர், மேஜையில் ஒரு தராசு, பக்கத்தில் மூக்குக் கண்ணாடி. நிலக்கடலையை அரைத்து எடுத்த பாலில் போட்ட காபி கொடுத்தார். எப்படி இருக்குமோ என்று பயந்துகொண்டே குடித்தேன், நன்றாகவே இருந்தது. தரையில் பாயை விரித்து, "எல்லாத்தையும் வெளிய வைங்க. பயப்படாதீங்க, ஹாஸ்டல் ரெய்டு மாதிரி இருக்காது" என்றார்.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பயத்தமாவை முகர்ந்தார். சேலையின் கரையைத் தடவிப் பார்த்தார். போர்வையைப் பிரித்து, "காட்டன் தானே?" என்றார். மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தார். கடைசியில் பையைத் தராசில் வைத்து, "ஒம்பதரை. உங்களை மாதிரி தயாரா யாரும் வந்ததில்லைங்க. காலேஜ் ப்ரொபசர்ஸ் கூட ஒரு பாக்கெட் பிஸ்கட்டாவது ஒளிச்சு எடுத்துட்டு வருவாங்க" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நூற்றுக்கு நூறு வாங்கின பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன். அந்தக் குஷியில்தான், தனியாகத் துணியில் சுற்றி வைத்திருந்த ஷூவை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"எம் பொண்ணுக்குக்கா. தோலே இல்ல. கேன்வாஸ், டயர், நூல். அவ்ளோதான்."

அவர் ஒரு ஷூவைக் கையில் எடுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தையல் மேல் விரல் நகத்தை ஓட்டினார். "இதை நீங்களா கையால தைச்சீங்க? என்ன அழகா இருக்கு. மழையில தையல் வழியா தண்ணி இறங்காதா?"

"இறங்காதுக்கா. நூலுக்கு மெழுகு ஏத்தித்தான் தைச்சிருக்கேன்."

"என்ன மெழுகு?"

"தேன்மெழுகுதான். வேற எதுவும் அந்த மாதிரி நூலைப் பிடி..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றேன். சொன்னது என் காதில் அப்போதுதான் விழுந்தது.

தேன்மெழுகு. தேனே ஆகாது என்கிறவர்களுக்குத் தேன் கூட்டை உருக்கின மெழுகு. பட்டியலை மூன்று வாரம் மனப்பாடம் செய்தேன். கடிகாரப் பட்டையைக்கூட விடவில்லை. ஆனால் ஊசியைக் கையில் எடுத்ததும், இருபத்திரண்டு வருடமாகச் செய்கிற மாதிரியே என் கை தானாகத் தகர டப்பாவைத் திறந்து மெழுகுக் கட்டியில் நூலை இழுத்திருக்கிறது. ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு நூலுக்கும். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் மூச்சு விடுவது நம் கண்ணுக்குத் தெரியுமா? அப்படித்தான் இதுவும் தெரியாமல் போனது.

அக்கா ஷூவைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. பட்டியலோடு வந்த விண்ணப்பத்தை நான் நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன், அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். தொழில் என்ற இடத்தில் 'தையல்' என்று எழுதியிருந்தேன்.

"நூலுக்கு மெழுகு ஏத்துறதெல்லாம் ஜாக்கெட் தைக்கிறவங்க செய்யற வேலை இல்லையே" என்றார்.

கை தானாகத் தலைப்புக்குள் போனது. எல்லாவற்றையும் சொன்னேன். கம்பெனி, தோல், இருபத்திரண்டு வருடம், மகள் கிளம்பிய அன்று சொன்ன வார்த்தை வரைக்கும். புருஷனிடம்கூட அதை நான் சொன்னதில்லை. முன்பின் பார்த்திராத ஒருவரிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது. "தோல்னு எழுதினா அவளுக்கு அங்க தலைகுனிவு ஆயிடும்க்கா. அதான் தையல்னு போட்டேன்" என்றேன்.

அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"தையல்னு போட்டது பொய் இல்ல. ஆனா முழுசும் இல்ல" என்றார். "தோல் வேலை செய்யறவங்க வரக் கூடாதுன்னு அங்க எந்த ரூலும் கிடையாது. தலைகுனிவா இல்லையான்னு உங்க பொண்ணு சொல்லணும். அவளுக்கும் சேர்த்து நீங்களே முடிவு பண்ணிட்டா எப்படி?"

இரண்டு வருடமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு, மகள் இப்படி நினைக்கிறாள், அப்படி நினைக்கிறாள் என்று நானே அவளுக்கும் சேர்த்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஷூவை என்னக்கா பண்றது?"

"இங்கயே விட்டுட்டுப் போகலாம். எடுத்துட்டும் போகலாம், பார்த்தா யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும், நான் சொல்லப் போறதில்ல. பையைப் பார்த்துச் சொல்றதோட என் வேலை முடிஞ்சுது. பை உங்களுது" என்றார்.

அவர் அதட்டியிருந்தால் நானும் எதிர்த்துப் பேசியிருப்பேன். ஒரு துளி மெழுகில் என்ன வந்துவிட்டது என்று கேட்டிருப்பேன். எனக்கு அந்த வாய் உண்டு. இப்படி என்னிடமே விட்டுவிட்டார் என்றால் நான் என்ன செய்வது? ஷூவைப் பார்த்தேன். அவ்வளவு அழகான தையல். மகள் போட்டுக்கொண்டு நடப்பாள், ஒன்றும் தெரியாமல் சந்தோஷப்படுவாள், ஒவ்வொரு தடவை அவள் காலைப் பார்க்கும்போதும் எனக்கு மட்டும் தெரியும்.

"பிளேடு இருக்காக்கா?" என்று கேட்டேன்.

அவர் ஒன்றுக்கு இரண்டு பிளேடு கொண்டுவந்தார். ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றோடு எனக்கு எதிரில் பாயில் உட்கார்ந்தார். "எப்படிப் பிரிக்கணும்னு காட்டுங்க" என்றார். துணியில் வெட்டு விழாமல் நூலை மட்டும் தூக்கி அறுக்கக் காட்டினேன். முட்டி வலி உள்ளவர், காலை நீட்டி மடக்கிக்கொண்டு, கண்ணாடியை ஏற்றி ஏற்றி விட்டுக்கொண்டு, வலது கால் ஷூ முழுவதையும் அவரே பிரித்தார். ஒரு இடத்தில் விரலைக் கீறிக்கொண்டார். நான் பதறினதற்கு, "ஹாஸ்டல்ல பொண்ணுங்க தலையில பபிள்கம் எடுத்த கை இது, ஒண்ணும் ஆகாது" என்றார். பிரித்த நூலை ஒரு காகிதத்தில் மடித்து என்னிடமே கொடுத்தார்.

மெழுகில்லாமல் தைத்தால் ஒரு மழைக்கு நூல் இற்றுவிடும். அக்கா வீட்டில் கரண்ட் போனால் ஏற்றுகிற மெழுகுவர்த்தி இருந்தது. அந்தப் பாக்கெட்டைக் கண்ணாடி போட்டுப் படித்துப் பார்த்து, "பெட்ரோலியத்துல எடுத்ததாம். எந்த ஜீவனுக்கும் சம்பந்தம் இல்ல" என்று நாலு குச்சி கொடுத்தார். கிளம்பும்போது விண்ணப்பத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். 'தையல்' என்பதற்கு முன்னால், இருந்த கொஞ்ச இடத்தில் நெருக்கி, 'தோல் ஷூ' என்று எழுதினேன். பேனா பிடித்த கையை அவர் பார்த்தார், நான் ஒளிக்கவில்லை.

மறுநாள் லீவு. விடிந்ததிலிருந்து உட்கார்ந்தேன். மெழுகுவர்த்தியை உருக்கினால் உதிர்கிறது, நூலில் ஒட்டமாட்டேன் என்கிறது. விளக்கெண்ணெய் சில சொட்டு விட்டுக் குழைத்து, ஆறவைத்து, கட்டியாக்கினேன். அது கொஞ்சம் பிடித்தது. பழைய துளைகள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு நின்றன, அதனால் நூலை இரட்டையாகப் போட வேண்டியிருந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு நூலையும் பார்த்துப் பார்த்து எடுத்தேன். தகர டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தேன், என் கையை நானே நம்பவில்லை. கணவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர் எல்லாம் கேட்டுவிட்டு, சிரிக்கப் போகிறார் என்று பார்த்தால், தட்டைத் தானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் முடித்தேன். முதலில் தைத்த அழகு இதில் இல்லை. தையல் தடித்து, ஓரமெல்லாம் பழைய துளை தெரிந்தது.

கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி, மறுநாள் காலை இறங்கி, ஜீப்பில் போய், ஜீப் தடம் முடிகிற ஓடைக்கரையில் இறங்கினேன். மகள் எதிர்க்கரையில் நின்றுகொண்டிருந்தாள். கருத்து, மெலிந்து, தலைமுடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். கணுக்கால் தண்ணீரில் இறங்கி வந்து, "கையைக் குடும்மா" என்றாள். பழக்க தோஷத்தில் கையைச் சேலையில் துடைக்கப் போனேன். அதற்குள் அவள் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். அக்கரை சேர்ந்த பிறகும் விடவில்லை.

பாறையில் உட்காரவைத்து ஷூவைக் கொடுத்தேன். காலை நுழைத்தாள். அளவு அப்படியே பொருந்தியது. நாலடி நடந்து பார்த்துவிட்டு, குனிந்து ஓரத்தைத் தடவினாள். தையல்காரி மகள் இல்லையா, கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏம்மா, பிரிச்சுத் தைச்சியா?"

"ஆமா. கை பழக்கத்துல தேன்மெழுகு போட்டுட்டேன். அதான் பிரிச்சு, மெழுகுவர்த்தி போட்டுத் தைச்சேன்."

அவள் நிமிரவில்லை. கட்டின நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள். மறுபடி அவிழ்த்தாள். பிறகு என் பையை வாங்கப் பார்த்தாள். என் பையை நான்தான் சுமக்க வேண்டும் என்று பட்டியலில் போட்டிருக்கிறது என்றேன். சிரித்துவிட்டாள். குரோம்பேட்டைப் படிகள் அன்றைக்கு எனக்குக் கைகொடுத்தன.

அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே எல்லாரும் ஒரு கொட்டகையில் கூடினார்கள். புதிதாக வந்தவரை யார் அழைத்தார்களோ அவர்தான் அறிமுகப்படுத்த வேண்டும். மகள் எழுந்தாள். "இவங்க என் அம்மா. குரோம்பேட்டையில தோல் ஷூ தைக்கிறாங்க. அதுலதான் நான் படிச்சேன். இன்னிக்கு நான் போட்டிருக்கிற ஷூவும் எங்கம்மா தைச்சதுதான்" என்றாள். குரலைத் தாழ்த்தவில்லை, எதையும் முழுங்கவில்லை. பிறகு வயதான ஒருவர், அந்த ஷூவைப் பார்க்கலாமா என்று கேட்டார். அது கழன்று ஒவ்வொரு கையாக வட்டம் சுற்றி வந்தது. தையலைத் தடவிப் பார்த்தார்கள், டயரைத் திருப்பிப் பார்த்தார்கள். மறுநாள் காலையில் ஏழெட்டுப் பேர் அறுந்த செருப்பும் கிழிந்த பையுமாக என் முன்னால் வந்து நின்றார்கள்.

அந்தப் பத்து நாளும் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மரக்கன்றுக்குத் தண்ணீர் சுமக்கிற போது ஒரு எறும்புப் புற்றைச் சுற்றிக்கொண்டு போவார்கள். ஆனால் எறும்பை மிதித்துவிட்ட என்னைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார்கள். யாரும் என்னிடம் வேலையை விடு என்று சொல்லவில்லை. என்னால் விடவும் முடியாது, நான் விடவும் இல்லை. திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்து அதே தோலைத்தான் தைக்கிறேன். ஆனால் மெழுகுக் கட்டியில் நூலை இழுக்கும்போது, தினமும் முதல் நூலுக்கு மட்டும் கை ஒரு கணம் நின்று போகிறது.

வார்த்தை சொன்ன மகளும், பதில் சொல்லாமல் மருகின நானும், அந்தப் பேச்சை இன்றுவரை எடுக்கவில்லை, இனி எடுக்கத் தேவையும் இல்லை. இரண்டு வருடம் சேலைத் தலைப்புக்குள் நான் ஒளித்து வைத்திருந்த கையைத்தான் அத்தனை பேர் முன்னால் அவள் எடுத்துக் காட்டினாள். அதை நினைத்துக்கொண்டுதான் இப்போதெல்லாம் வேலை முடிந்து வரும் பஸ்ஸில், பக்கத்தில் யார் நின்றாலும், கையை நன்றாக உயர்த்தி மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிறேன்.